21 ஓட்டு, பூஜ்யம் செல்வாக்கு: ஒரு கவுன்டி சட்டமன்றம் பிறந்த கணக்கு

மேசையைச் சுற்றி ஆறு பேர். வருடம் 1964. இடம், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்ட் தீவில் உள்ள நாசோ கவுன்டி, ஏறக்குறைய ஒரு மாவட்டம். (ராக்கெட் விடும் நாசாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கர் வாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் ஒலிக்கும்.) அந்தக் கவுன்டிக்குச் சட்டம் செய்யும் இந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு என்று இல்லை. ஒருவருக்கு 31, இன்னொருவருக்கும் 31, அடுத்தவருக்கு 28, அதற்கடுத்தவருக்கு 21, கடைசி இருவருக்கும் ஆளுக்கு 2. மொத்தம் 115. ஒரு தீர்மானம் நிறைவேற 58 ஓட்டு வேண்டும்.

இதில் 21 ஓட்டுக்காரரை மட்டும் கவனியுங்கள். நார்த் ஹெம்ப்ஸ்டெட் என்ற டவுனின் (கவுன்டிக்குள் அடங்கிய உட்பிரிவு) சார்பாக வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு துண்டுத் தாளை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். 31-ம் 31-ம் சேர்ந்தால் 62, தீர்மானம் நிறைவேறிவிடும். 31-ம் 28-ம் சேர்ந்தால் 59, அப்போதும் நிறைவேறிவிடும். ஆக, பெரிய மூவரில் எந்த இருவர் கை கோத்தாலும் இவர் தேவையில்லை. சரி, பெரியவர்களில் ஒருவர் மட்டும் ஆதரிக்கிறார், இவரும் சின்னவர்கள் இருவரும் கூடச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 31, 21, 2, 2. கூட்டினால் 56. போதாது. இவர் கை தூக்கினாலும் ஒன்றுதான், தூக்காவிட்டாலும் ஒன்றுதான். கையில் 21 ஓட்டு இருந்தும் இவர் செல்லாக்காசு.

இன்னொரு வேடிக்கையும் இதற்குள் இருக்கிறது. 31 வைத்திருப்பவருக்கும் 28 வைத்திருப்பவருக்கும் பலம் ஒன்றேதான். அதே மாதிரி, 21 வைத்திருப்பவருக்கும் 2 வைத்திருப்பவருக்கும் பலம் ஒன்றே. பூஜ்யம்.

கவுன்டி சட்டமன்றம் என்றால் என்ன என்று விளக்க உட்கார்ந்தவன் ஏன் கூட்டல் கணக்கில் தொடங்குகிறேன் என்று தோன்றலாம். நாசோ கவுன்டிக்கு இன்று 19 உறுப்பினர்கள் கொண்ட ஒரு சட்டமன்றம் இருப்பதற்கு இந்தக் கூட்டல்தான் காரணம். கணக்கைப் பிடித்துக்கொண்டால் அமைப்பு தானாகப் புரியும்.

கவுன்டி எங்கிருந்து வந்தது

கவுன்டியை மாவட்டம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். பாதிதான் சரி. மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு என்ற அளவில் இரண்டும் ஒன்று. ஆனால் மேலிருந்து நியமிக்கப்பட்டு வரும் ஆட்சியர் அங்கே கிடையாது. நாசோவில் கவுன்டியின் தலைமை நிர்வாகி, கணக்குகளைத் தணிக்கை செய்பவர், குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞர் வரை எல்லோரும் உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள்.

நியூயார்க்கில் கவுன்டிகள் 1683-இல் பிறந்தன. அப்போது அது ஆங்கிலேயரின் காலனி. நாட்டை 12 கவுன்டிகளாகப் பிரித்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு கேள்வி வந்தது: சிறைக்கூடம், நீதிமன்றம், சாலை இதற்கெல்லாம் ஆகும் செலவை எந்த ஊர் எவ்வளவு தாங்குவது? இதைப் பேசித் தீர்க்க ஒவ்வொரு டவுனும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அந்த ஆளுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். நாம் தொழிற்சாலையில் பார்க்கும் சூப்பர்வைசர் இல்லை இவர். தன் டவுனுக்குத் தலைவர். வருடத்துக்குச் சில நாள் கவுன்டித் தலைநகருக்குப் போய் மற்ற டவுன் தலைவர்களோடு உட்கார்ந்து செலவைப் பங்கு போடுவார். இப்படிக் கூடிய சபைதான் சூப்பர்வைசர் போர்டு.

பங்காளிகள் கூடிக் குடும்பக் கணக்குப் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது. ஒரு வீட்டுக்கு ஒருவர். அந்த வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்களா, நாற்பது பேர் இருக்கிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. எல்லா ஊரும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்த வரை கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாசோ கவுன்டி இந்தக் கதையில் மிகவும் பிந்திப் பிறந்த பிள்ளை. 1898-இல் பல ஊர்களை ஒன்றாக்கிப் பெரிய நியூயார்க் நகரத்தை உருவாக்கினார்கள். குவீன்ஸ் கவுன்டியின் மேற்குப் பகுதி நகரத்துக்குள் போனது. கிழக்கே இருந்த ஹெம்ப்ஸ்டெட், நார்த் ஹெம்ப்ஸ்டெட், ஆய்ஸ்டர் பே ஆகிய மூன்று டவுன்களும் வெளியே நின்றன. நகரத்திலும் இல்லை, குவீன்ஸிலும் ஒட்டவில்லை என்ற இரண்டுங்கெட்டான் நிலை. 1899-இல் அந்த மூன்றையும் சேர்த்து நாசோ என்று தனிக் கவுன்டி ஆக்கினார்கள். மினியோலா தலைநகர். அங்கே எழுந்த நீதிமன்றக் கட்டடத்துக்கு 1900-இல் அடிக்கல் நாட்டியவர் அப்போது மாநில ஆளுநராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், அடுத்த ஆண்டே நாட்டின் ஜனாதிபதி ஆனவர். இன்றைய கவுன்டி சட்டமன்றம் கூடுவது அவர் பெயர் தாங்கிய அந்தக் கட்டடத்தில்தான்.

பிறகு கிளென் கோவும் லாங் பீச்சும் தனி நகரங்களாகித் தத்தம் சூப்பர்வைசரைப் போர்டுக்கு அனுப்பின. பெரிய டவுனான ஹெம்ப்ஸ்டெட்டுக்கு இரண்டு இடம். இப்படித்தான் அந்த மேசையைச் சுற்றி ஆறு பேர் ஆனார்கள்.

1938-இல் நாசோ ஒரு காரியம் செய்தது. தனக்கென ஒரு சாசனம் எழுதிக்கொண்டு, கவுன்டி நிர்வாகி என்ற பதவியை உண்டாக்கி, ஜே. ரஸ்ஸல் ஸ்ப்ராக் என்பவரை அதில் அமர்த்தியது. நியூயார்க் மாநிலத்தில் இப்படிச் செய்த முதல் கவுன்டி இது. நிர்வாகம் ஒரு கையில், சட்டம் செய்வது இன்னொரு கையில் என்று காரியம் பிரிந்தது. ஆனால் சட்டம் செய்யும் கை அந்தப் பழைய ஆறு பேர் போர்டாகவே இருந்தது.

உருளைக்கிழங்கு வயலில் முளைத்த ஜனங்கள்

1940-இல் நாசோவின் மக்கள்தொகை 4,06,748. 1960-இல் 13,00,171. இருபதே ஆண்டில் மூன்று மடங்கு. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வீடு வேண்டியிருந்தது. ஹெம்ப்ஸ்டெட் டவுனில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, அச்சில் வார்த்தது போல 1947-லிருந்து 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அதுதான் லெவிட்டவுன். அதன் தொடக்ககால ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்றே எழுதியிருந்தார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஹெம்ப்ஸ்டெட் ஊதிப் பெருத்தது. கவுன்டி மக்களில் பாதிக்கும் மேல் அங்கே. கிளென் கோவோ சின்னஞ்சிறு நகரம். இரண்டு ஊருக்கும் மேசையில் ஒரே மரியாதை என்றால் ஹெம்ப்ஸ்டெட்காரன் ஒத்துக்கொள்வானா? தொகுதிகளாகப் பிரித்துப் புதிதாக ஒரு மன்றம் அமைக்கலாம். அதற்கு டவுன் தலைவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், பதவி போய்விடுமே. இந்த மாதிரிச் சிக்கலுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: ஆட்கள் அதே ஆட்கள், ஓட்டுக்கு மட்டும் எடை போட்டுக் கொடுப்பது. இதை எடையிட்ட வாக்கு என்று சொல்லலாம். மக்கள்தொகைக்குத் தக்க எடை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

1958-இல் இருந்த எடைகள் இவை: ஹெம்ப்ஸ்டெட்டின் இருவருக்கும் ஆளுக்கு 9, நார்த் ஹெம்ப்ஸ்டெட்டுக்கு 7, ஆய்ஸ்டர் பேவுக்கு 3, இரு நகரங்களுக்கும் ஆளுக்கு 1. மொத்தம் 30, தேவை 16. கூட்டிப் பார்த்தால் அப்போது ஆய்ஸ்டர் பேதான் செல்லாக்காசு. 9, 3, 1, 1 எல்லாம் சேர்ந்தாலும் 14தான். பிறகு ஆய்ஸ்டர் பேயில் ஜனம் பெருகியது. 1964-இல் எடையை மாற்றினார்கள், ஆய்ஸ்டர் பே மேலே ஏறியது, நார்த் ஹெம்ப்ஸ்டெட் பூஜ்யத்துக்கு இறங்கியது. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்.

பன்சாஃப் போட்ட கணக்கு

இதை உலகத்துக்குச் சொன்னவர் ஜான் பன்சாஃப். பொறியியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். 1965-இல் ஒரு சட்ட ஆய்விதழில் கட்டுரை எழுதினார். எடையிட்ட வாக்கு வேலைக்கு ஆகாது என்பதே அதன் தலைப்பின் சாரம். (இரண்டு வருடம் கழித்து, தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் போட்டால் சிகரெட்டுக்கு எதிரான பிரச்சாரத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று போராடி ஜெயித்தவரும் இதே ஆள்தான். ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடாத பிறவி.) இதே கருத்தை 1946-லேயே லயனல் பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கண்டிருந்தார். வக்கீல்கள் காதுக்கு அது எட்டவில்லை.

கணக்கு சுலபம். ஒரு நிலத்துக்கு மூன்று பங்காளிகள். பங்கு 50, 49, 1. விற்பதானால் 51 பங்கின் சம்மதம் வேண்டும். 49 பங்குக்காரர் தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பாருங்கள்: 50-ம் 49-ம் சேர்ந்தால் விற்கலாம், 50-ம் 1-ம் சேர்ந்தாலும் விற்கலாம், 49-ம் 1-ம் சேர்ந்தால் முடியாது. 49 பங்குக்காரர் செய்யக்கூடிய எதையும் 1 பங்குக்காரரும் செய்யலாம். இருவருக்கும் பலம் சமம்.

பன்சாஃப் கேட்டது ஒரே கேள்விதான். இவர் மனம் மாறினால் முடிவு மாறுகிறதா? நாசோ போர்டில் ஆறு பேர். ஒருவரைத் தனியே நிறுத்திவிட்டால் மீதி ஐந்து பேர் ஆம், இல்லை என்று பிரிய 32 வழி உண்டு. அந்த 32-இல் எத்தனை சந்தர்ப்பங்களில் நம்மவருடைய ஓட்டு முடிவைத் திருப்பும் என்று எண்ணினால் அதுவே அவருடைய உண்மையான பலம். 1964 எடைகளின்படி ஹெம்ப்ஸ்டெட்டின் இருவருக்கும் ஆய்ஸ்டர் பேவுக்கும் தலா 16. மற்ற மூவருக்கும் சுழி.

இதற்கு மருந்து எடையில் இல்லை, தேவைப்படும் எண்ணில் இருந்தது. 1970-இல் எடைகளைத் தொடாமல் 58-ஐ 63 என்று உயர்த்தினார்கள். இப்போது 31-ம் 31-ம் சேர்ந்தால் 62. ஒன்று குறைகிறது! ஹெம்ப்ஸ்டெட் இருவருக்கும் வெளியிலிருந்து யாராவது வேண்டும். 2 ஓட்டு வைத்திருக்கும் கிளென் கோவ்காரர்கூடப் போதும். திடீரென்று அவருக்கு மவுசு. 32 சந்தர்ப்பங்களில் அவர் ஓட்டு 3-இல் முடிவைத் திருப்பும், நார்த் ஹெம்ப்ஸ்டெட்டின் ஓட்டு 7-இல். ஒருவர் ஓட்டையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கதவின் உயரத்தை மட்டும் மாற்றினார்கள்.

எனக்கு இந்தக் கணக்கின் மேல் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஆறு பேரும் தனித்தனியாக யோசித்து, நாணயத்தைச் சுண்டிப் போடுவது போல ஓட்டுப் போடுகிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் ஹெம்ப்ஸ்டெட்டின் இருவரையும் ஒரே ஊர் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலத்து நாசோவில் குடியரசுக் கட்சியின் பிடி இரும்புப் பிடி. பின்னாளில் அமெரிக்க செனட்டரான அல்ஃபோன்ஸ் டமாட்டோ ஹெம்ப்ஸ்டெட்டின் தலைமை சூப்பர்வைசராக அந்தப் போர்டில் இருந்துதான் வாஷிங்டன் போனார். அத்தகைய இடத்தில் தீர்மானம் மேசைக்கு வருமுன்பே கட்சி அலுவலகத்தில் முடிவாகியிருக்கும். ஆனாலும், கட்சி கலைந்து எல்லோரும் மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டால்கூட 21-க்கு மதிப்பில்லை என்பது வெறும் அரசியல் குறையைவிடப் பெரிய கோளாறு.

நீதிமன்றங்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-இல் மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ பிரதிநிதிகள் அல்லர் என்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதினார். ஒவ்வொருவர் வாக்கும் சம எடை பெற வேண்டும் என்பது விதி ஆனது.

அது கவுன்டிக்கும் பொருந்துமா? 1968-இல் டெக்சஸின் மிட்லண்ட் கவுன்டி வழக்கில் பதில் வந்தது. அங்கே நான்கு தொகுதிகள். ஒன்றில் 67,906 பேர். மற்ற மூன்றில் 852, 828, 414. நான்குக்கும் ஆளுக்கு ஒரு உறுப்பினர்! பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னதில் ஆச்சரியமில்லை. நாசோவின் பக்கத்து வீடான சஃபோக் கவுன்டியிலும் இதே கூத்துதான். ஓராயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஷெல்டர் ஐலண்டுக்கும், ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வாழ்ந்த ஐஸ்லிப்புக்கும் போர்டில் ஒரே ஓட்டு.  1970-இல் சஃபோக் அந்தப் போர்டைக் கலைத்துவிட்டு 18 தொகுதிகள் கொண்ட சட்டமன்றத்துக்கு மாறியது.

நாசோ மட்டும் எடையை மாற்றி மாற்றிப் போட்டு இன்னும் கால் நூற்றாண்டை ஓட்டியது. 1967-இல் நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம், எடையிட்ட வாக்கு வைத்துக்கொள்ளும் கவுன்டிகள் கணினியில் கணக்குப் போட்டு அது நியாயமானது என்று காட்ட வேண்டும் என்றது. கணினி என்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம். ஊர் வரவுசெலவு பார்த்த டவுன் தலைவர்கள் கணித நிபுணர்களைத் தேடி அலைந்தார்கள்.

1982-இல் நாசோ போட்ட கடைசி எடைகள்: ஹெம்ப்ஸ்டெட்டுக்கு 30, 28; ஆய்ஸ்டர் பே 22; நார்த் ஹெம்ப்ஸ்டெட் 15; லாங் பீச் 7; கிளென் கோவ் 6. மொத்தம் 108. சாதாரணமாகப் பாதிக்கு மேல் என்றால் 55 போதும். ஆனால் ஹெம்ப்ஸ்டெட் இருவருமே 58. தேவை 55 என்று வைத்தால் மற்ற நால்வரும் வீட்டுக்குப் போகலாம். எனவே தேவை 65 என்று வைத்தார்கள்.

சிக்கலின் முடிச்சு இங்கேதான். 1990 கணக்கெடுப்பில் கவுன்டியின் 12,87,348 பேரில் 7,25,639 பேர் ஹெம்ப்ஸ்டெட்டில். நூற்றுக்கு 56. மக்கள்தொகைக்குத் தக்கபடி ஓட்டும் பாதிக்கு மேல் என்ற விதியும் கொடுத்தால், அந்த ஒரு டவுன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். விழுங்கக் கூடாது என்று வரம்பை உயர்த்தினால் ஹெம்ப்ஸ்டெட்வாசியின் ஓட்டுக்கு மதிப்புக் குறையும். எந்தப் பக்கம் இழுத்தாலும் போர்வை ஒரு காலுக்குப் போதவில்லை.

இதற்கிடையில் 1989-இல் நியூயார்க் நகரத்தின் எஸ்டிமேட் போர்டு (நகரத்தின் பட்ஜெட்டை முடிவு செய்வதில் பங்கு கொண்ட சபை) வழக்கில் உச்ச நீதிமன்றம், பன்சாஃப் முறை ஏட்டுச் சுரைக்காய் என்கிற மாதிரி அதை ஒதுக்கியது. எடையைக் காப்பாற்ற நாசோ பிடித்திருந்த ஊன்றுகோல் அதுதான். கவுன்டிவாசிகள் சிலர் மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1993-இல் நீதிபதி ஆர்தர் ஸ்பாட், எடையிட்ட வாக்கு அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தார்.

19 பேர்

1995 நவம்பரில் தேர்தல். 1996 ஜனவரியில் புதிய சட்டமன்றம் கூடியது. டவுன் எல்லைகளைப் பாராமல் கவுன்டி முழுவதையும் 19 தொகுதிகளாக வெட்டினார்கள். ஒரு தொகுதிக்கு ஒருவர், ஒருவருக்கு ஓர் ஓட்டு. 2020 கணக்கெடுப்பின் மக்கள்தொகையான 13,95,774-ஐ 19-ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 73,460 பேர்.

லெவிட்டவுனை நினைவில் வைக்கச் சொன்னேனே. கறுப்பின மக்கள் வாழ இடம் கிடைத்த ரூஸ்வெல்ட், ஹெம்ப்ஸ்டெட் கிராமம், யூனியன்டேல் போன்ற பகுதிகள் அந்தப் பெரிய டவுனுக்குள் சிதறிக் கிடந்தன. டவுன் முழுவதும் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம். சிறு தொகுதிகள் வந்ததும், சிறுபான்மையினரே பெரும்பான்மையாக இருக்கும் தொகுதிகளும் வந்தன. எடையை எவ்வளவு நுட்பமாகப் போட்டிருந்தாலும் இது கிடைத்திருக்காது. எடை ஊரைப் பிரதிநிதியாக்கும், ஊருக்குள் இருக்கும் மனிதர்களை அல்ல.

உறுப்பினர் பதவிக்காலம் இரண்டு வருடம். 2025 வரை ஒற்றைப்படை ஆண்டுகளில் நவம்பர் மாதம் 19 இடத்துக்கும் சேர்த்துத் தேர்தல் நடந்துவந்தது. கூடியதும் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வழக்கமாகப் பெரும்பான்மைக் கட்சிக்காரர். எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரும் என்பது அவர் கையில் என்பதால், வெறும் மணியடிக்கும் பதவி இல்லை. முதல் தலைவர் புரூஸ் பிளேக்மன், பல ஆண்டு கழித்து 2022-இல் கவுன்டி நிர்வாகி ஆனார். 1999 தேர்தலில் ஜனநாயகக் கட்சி 10-க்கு 9 என்று ஜெயித்தபோது ஜூடி ஜேக்கப்ஸ் தலைவரானார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். 2009-இல் குடியரசுக் கட்சி மன்றத்தைத் திரும்பப் பிடித்தது.

மன்றத்துக்குள் நிதி, பொதுப் பாதுகாப்பு, பொதுப்பணி என்று குழுக்கள் உண்டு. இவற்றில் விதிகள் குழுவின் மேல் ஒரு கண் வைக்கலாம். பெயரைக் கேட்டால் சுவாரசியமில்லாதது போலத் தோன்றும். கவுன்டியின் ஒப்பந்தங்கள் அந்த வழியாகத்தான் போகின்றன.

நிர்வாகி தனி, அவரை மக்கள் நேரடியாக நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்றத்தில் ஓட்டுக் குறைந்ததால் அவர் பதவி போகாது. செப்டம்பர் நடுவில் அவர் பட்ஜெட்டை அனுப்புவார், அக்டோபர் இறுதிக்குள் மன்றம் அதை வெட்டி ஒட்டி நிறைவேற்றும். தொகை 400 கோடி டாலருக்கு மேல். மன்றம் செய்யும் சட்டத்தை அவர் நிராகரிக்கலாம். மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அந்த நிராகரிப்பையும் தூக்கி எறியலாம்.

கைக்கு எட்டுவதும் எட்டாததும்

போலீஸ், சிறை, பூங்காக்கள், சாக்கடைநீர்ச் சுத்திகரிப்பு, கம்யூனிட்டி கல்லூரி, வீட்டு மதிப்பீடு இவை கவுன்டியுடையவை. பள்ளிக்கூடம் கவுன்டியுடையது அல்ல, அதற்குத் தனிப் பள்ளி மாவட்டங்கள். குப்பை டவுனோ கிராமமோ அள்ளும். மூன்று டவுன், இரண்டு நகரம், 64 கிராமம், அதற்கு மேல் பள்ளி மாவட்டம், தீயணைப்பு மாவட்டம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு. வீட்டு வரிச் சீட்டைப் பார்த்து மலைத்துப்போகாத லாங் ஐலண்ட்வாசி அபூர்வம். கவுன்டிக்குப் பெரிய வருமானம் வீட்டு வரியும் இல்லை. கடையில் வாங்கும் பொருளுக்குப் போடும் 8.625 சதவீத விற்பனை வரியில் 4.25 கவுன்டிக்குப் போகிறது, அதுதான் பெரிய ஊற்று.

வீட்டு வரியில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டுக்கு மதிப்புப் போடுவது கவுன்டி. அந்த மதிப்பின் மேல் வாங்கும் வரியில் பெரிய பங்கு பள்ளி மாவட்டங்களுக்கு. மதிப்பு கூடிப்போயிற்று என்று வீட்டுக்காரர் முறையிட்டு ஜெயித்தால் பணத்தைத் திருப்பித் தருவது யார்? முழுவதையும் கவுன்டியே தர வேண்டும், பள்ளி வாங்கிய பங்கையும் சேர்த்து. தின்றது ஒருவர், பில் கட்டுவது இன்னொருவர். 2010-இல் கவுன்டி சட்டமன்றம் இந்தப் பொறுப்பை உதறச் சட்டம் போட்டது. பள்ளி மாவட்டங்கள் வழக்குப் போட்டன. மாநிலச் சட்டம் தந்த பாதுகாப்பைக் கவுன்டி தன்னிச்சையாக நீக்க முடியாது என்று 2014-இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவுன்டி சட்டமன்றம் சட்டமன்றம்தான், ஆனால் மாநிலம் பிடித்திருக்கும் கயிற்றின் நீளத்துக்குள்.

இன்னொரு கயிறும் உண்டு. கவுன்டி கடனில் தத்தளித்தபோது 2000-இல் மாநிலம் ஒரு நிதிக் கண்காணிப்பு ஆணையத்தை உட்கார வைத்தது. 2011-இல் அது கவுன்டியின் நிதியைத் தன் கட்டுப்பாட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டது.

மீண்டும் கூட்டல்

எடை ஒழிந்தால் கணக்குச் சண்டையும் ஒழியும் என்று நினைத்தவர்கள் உண்டு. அது கோடு போடுகிற இடத்துக்கு மாறிக்கொண்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்ததும் தொகுதிகளைத் திருத்த வேண்டும். சாசனப்படி முதலில் ஓர் ஆலோசனைக் குழு வரைபடம் தர வேண்டும். ஓட்டுரிமை உள்ளவர்கள் இரு கட்சிக்கும் ஐந்தைந்து பேர், தலைவருக்கு ஓட்டு இல்லை. ஐந்துக்கு ஐந்து என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல கணிதம் தேவையில்லை. குழு முட்டி நிற்கும், வரைபடம் மன்றத்துக்கு வரும், பெரும்பான்மைக் கட்சி தன் வரைபடத்தை நிறைவேற்றும். 2013-இல் அப்படித்தான் ஆனது. அதற்கு முன் 2011-இல் இந்தப் படிகளையே தாண்டி அவசரமாகக் கோடு போடப் பார்த்தபோது மட்டும் நீதிமன்றம் குறுக்கே நின்றது.

கட்சி வரிசைப்படி ஓட்டுப் போடும் மன்றத்தில், 10-க்கு 9 என்றால் அந்த ஒன்பது பேரும் சாதாரண மசோதாக்களில் பழைய நார்த் ஹெம்ப்ஸ்டெட் மாதிரித்தான். கை தூக்கலாம், முடிவு மாறாது. ஆனால் கவுன்டி கடன் வாங்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 19-இல் 13. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்க்கட்சிக்கு உயிர் வந்துவிடுகிறது. சாலை போட, கட்டடம் பழுதுபார்க்க, வரி திருப்பித் தரக்கூட கவுன்டி கடன்பத்திரத்தைத்தான் நம்பியிருக்கிறது. 2012-இல் தொகுதி வரைபடச் சண்டை நடந்தபோது ஜனநாயகக் கட்சியினர் கடனுக்கான ஓட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

2021 தேர்தலில் குடியரசுக் கட்சிக்குப் பெரிய வெற்றி, 12-க்கு 7. பட்ஜெட், நியமனம், ஒப்பந்தம் எதற்கும் அவர்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடன் என்று வந்தால் மட்டும் அந்த ஏழு பேரில் ஒருவருடைய கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 12-க்கும் 13-க்கும் நடுவில் நின்றது, 1970-இல் 62-க்கும் 63-க்கும் நடுவில் நின்ற அதே ஒன்று.